பூனைக்கண் யார் வீட்டுச் சாடை?

பிறந்த குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாடை பார்க்காத பாட்டி உண்டா? மூக்கு அப்பாவுடையது, நெற்றி தாத்தாவுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டே வருவார். கண் மட்டும் பூனைக்கண்ணாக இருந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். "நம்ம வீட்ல யாருக்கும் இப்படி இல்லையே!" பல வீடுகளில் இந்த ஒற்றை வரி, பெற்றவளைக் குத்தும் முள். அது தேவையற்ற முள் என்கிறது மரபியல்.

நீல நிறமியே இல்லை

கண்பாப்பாவைச் சுற்றியுள்ள வண்ண வளையத்துக்கு ஐரிஸ் என்று பெயர். அதில் மெலனின் நிறமி நிறைய இருந்தால் கரும்பழுப்பு, குறைந்தால் தேன் நிறம் அல்லது பச்சை, மிகக் குறைந்தால் நீலம். நீலக்கண்ணில் நீல நிறமி துளியும் கிடையாது. ஐரிஸுக்குள் ஒளி சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது மெலனின் முழுமையாகச் சேர்ந்திருக்காது. முதல் ஓராண்டில் நிறம் கருக்கலாம். அதனால் பிறந்த வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரு மரபணுவின் வேலையல்ல

பழுப்பு ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு என்று 1907இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் தம்பதி எளிய கணக்குப் போட்டார்கள். அதன்படி நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறக்கவே முடியாது. ஆனால், அரிதாக என்றாலும், பிறக்கிறது.

15ஆம் குரோமோசோமில் உள்ள ஓசிஏ2 மரபணு மெலனின் உருவாக உதவுகிறது. அதை இயக்கும் சுவிட்ச் இருப்பதோ பக்கத்து மரபணுவான ஹெர்க்2வுக்குள். அங்கே ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறினால் மெலனின் குறையும் என்பது 2008இல் தெரியவந்தது. ஏறக்குறைய 1,95,000 பேரை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, கண் நிறத்தோடு தொடர்புடைய 50 புதிய மரபணுப் பகுதிகளைக் காட்டியது. இத்தனை மரபணுக்கள் சேர்ந்து தீட்டும் வண்ணம், தலைமுறை தாண்டி எட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆறு இடம் சொல்லும் ஆரூடம்

2011இல் வெளியான ஐரிஸ்பிளெக்ஸ் முறை, டிஎன்ஏவில் ஆறே இடங்களைப் படித்துக் கண் நிறத்தைக் கணிக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பிலிருந்து, அவர் கண் நீலமாக இருந்திருக்க 96% வாய்ப்பு என்று 2014இல் கணித்தார்கள். பழுப்பு, நீலம் இரண்டையும் நன்றாகச் சொல்லும் இம்முறை, பச்சை, தேன் நிறம் போன்ற நடுத்தர நிறங்களில் தடுமாறும். நம் பூனைக்கண் பெரும்பாலும் அந்த நடுவில்தான் வருகிறது.

மருத்துவரிடம் எப்போது?

• வெளிறிய கண்ணோடு தோலும் முடியும் வெளுத்து, விழி ஓயாமல் ஆடினால் அல்பினிசமாக இருக்கலாம். ஓசிஏ2 மரபணு பழுதானாலும் அது வரும்.
• இரு கண்ணும் இரு நிறம் என்றால் காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். வார்டன்பர்க் நோய்த்தொகுப்பில் இரண்டும் சேர்ந்து வரலாம்.
• பெரியவர்களுக்கு ஒரு கண்ணின் நிறம் புதிதாக மாறினால், உள் அழற்சியோ கட்டியோ காரணமாகலாம். சில கிளாக்கோமா சொட்டு மருந்துகளும் ஐரிஸைக் கருக்கச் செய்யும்.
• ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். கண்புரையாகவோ, ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவோ இருக்கலாம்.

பாட்டி சாடை பார்க்கட்டும். ஜன்னலோரம் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில், கண்பாப்பாவின் நடுவே வெண்மை தெரிகிறதா என்றும் பார்த்துவிடட்டும்.