கதவைத் திறப்பவர் சொல்லும் கணக்கு

எதிர்வீட்டு அக்காவின் பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நேற்று சாயங்காலம் அக்கா செய்தித்தாளும் கையுமாக வந்தார். எங்கோ லாரியில் கிலோ கணக்கில் கஞ்சா பிடிபட்ட செய்தி. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்ல பாதிப்பேர் இதான் போல, தம்பி" என்றார். குரல் கம்மியிருந்தது. உட்காரச் சொல்லி டீ போட்டேன். அந்தப் பயத்தில் தப்பில்லை. 'பாதிப்பேர்' என்பதில்தான் தப்பு.

பிடிபட்ட எடையை வைத்து ஆட்களை எண்ண முடியாது. போலீஸ் ஒரு மாதம் மும்முரமாகத் தேடினால் எடை கூடும், அடுத்த மாதம் குறையும். புகைப்பவர் எண்ணிக்கை அப்படி மாதாமாதம் ஏறி இறங்காது. ஆட்களை எண்ண வேண்டுமானால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் அப்படிக் கேட்டு, 2019 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. 186 மாவட்டங்கள், சுமார் 2 லட்சம் வீடுகள், 4,73,569 பேர்.

முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதாவது ஒரு பொருளைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 2.8 பேர், அதாவது சுமார் 3.1 கோடி. பெரியவர்களை மட்டும் எடுத்தால் 3.3 சதவீதம். 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 0.9 சதவீதம்.

"ஒண்ணுகூட இல்லையா?" அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அந்த 0.9 சதவீதத்தைத் தலைகளாக எண்ணினால் சுமார் 20 லட்சம் பிள்ளைகள். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒன்பது பேர். அதுவும் சராசரிதான். ஓரிடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், இன்னோரிடத்தில் முப்பது பேர் இருப்பார்கள்.

அடுத்து, 'கஞ்சா' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது அந்த அறிக்கையில் இரண்டாகப் பிரிகிறது. காசியில் இலையை அம்மியில் விழுதாக அரைத்து, பாலும் பாதாமும் சேர்த்து ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் குடிக்கிறார்களே, அது பாங். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூந்தலையையும் பிசினையும் தடை செய்தது, தனி இலையை விட்டுவிட்டது. அதனால் சில வட மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங் கடையே உண்டு. அந்த 3.1 கோடியில் பாங் எடுத்தவர்கள் சுமார் 2.2 கோடி, கஞ்சாவோ, சரஸ் எனும் பிசினோ புகைத்தவர்கள் சுமார் 1.3 கோடி. கூட்டினால் அதிகமாக வருகிறதே என்று அக்கா உடனே பிடித்துவிட்டார். இரண்டையும் தொட்டவர்கள் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பாங் குடிப்பவர்தான் அதிகம், ஆனால் அடிமையாகிற விகிதம் புகைப்பவர்களிடம்தான் கூடுதல். பண்டிகைக்கு ஒரு டம்ளர் குடித்த தாத்தாவையும், தினமும் பொட்டலம் வாங்கும் இருபது வயதுக்காரனையும் ஒரே 2.8-க்குள் வைத்துப் பார்த்தால் யாருக்கு மருத்துவம் வேண்டும் என்பது தெரியாமல் போகும். அறிக்கை அதையும் தனியாகக் கணக்கிட்டது. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். அந்த 3.1 கோடியில் ஏறக்குறைய நாலில் ஒருவர். தலைப்புச் செய்தியாக வந்திருக்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.

வேறு நாட்டோடு ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். நைஜீரியாவின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10.8 சதவீதம், சுமார் 1.06 கோடிப் பேர். நம்மைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. ஆனால் அவர்கள் எண்ணியது 15 முதல் 64 வயது வரை. நம் கணக்கில் பத்து வயதுக் குழந்தையும் எழுபத்தைந்து வயதுப் பாட்டியும் சேர்த்தி. புகைக்க வாய்ப்பு குறைந்தவர்களைக் கூட்டத்தில் சேர்த்தால் சதவீதம் இறங்கத்தானே செய்யும்? நைஜீரியாவில் பழக்கம் அதிகம் என்பது உண்மை. அந்த 'நாலு மடங்கு' மட்டும் அப்படியே நிற்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டுகிறார், அம்மா திறக்கிறார். பையனை அழைத்து, நோட்டும் பேனாவுமாக, "கஞ்சா புகைத்தது உண்டா?" என்று கேட்டால், அடுப்படியில் அப்பா நிற்கும்போது எந்தப் பையன் உண்டு என்பான்? விடுதியில் தங்கியவனும் தெருவில் வளர்கிறவனும் வீட்டுப் பட்டியலிலேயே இல்லை. அதனால் அந்த 0.9-ஐ நான் குறைந்தபட்சக் கணக்காகத்தான் பார்க்கிறேன். பள்ளிகளில் பெயர் எழுதாத தாளைக் கொடுத்து, மாணவர்களையே நிரப்பச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் பல வளரும் நாடுகளில் நடத்துவதும் இதற்காகத்தான்.

பிள்ளைகளைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படுவதற்குக் காரணம், இருபது தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டிருப்பது. கவனமும் நினைவாற்றலும் உருவாகும் வயதில் தொடங்கினால் பிடி இறுகும் வாய்ப்பு அதிகம்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் எப்படிக் கேக்கணும்?"

தனியாக இருக்கும்போது கேளுங்கள், 'நீ செய்றியா' என்று தொடங்காதீர்கள், 'உன் வகுப்புல யாராவது செய்றாங்களா' என்று கேளுங்கள், என்ன சொன்னாலும் அந்த நிமிடம் கத்தாதீர்கள் என்றேன். தேவைப்பட்டால் கூப்பிட 14446 என்ற அரசு உதவி எண்ணையும் குறித்துக் கொடுத்தேன்.

"அவங்க அப்பா நாளைக்கு நைட் ஷிப்ட்" என்றார். செய்தித்தாளை மடித்து என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.