பெரிய ஸ்கேல் கார் கிட் வாங்கப் போறீங்களா? பெட்டியில் போட்டிருக்கும் விலை மட்டும் கணக்கில்லை

பாகம் பாகமாக ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷெல்ஃபில் நிறுத்தும் கார் கிட் ஒன்றை ஆன்லைன் கார்ட்டில் போட்டு வெச்சிருக்கீங்களா? பணம் கட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

ஸ்கேல் என்றால் என்ன?

1:24 என்றால் நிஜக் காரின் நீளத்தில் 24-ல் ஒரு பங்கு. சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர், 1:24-ல் 18 செ.மீ. இருக்கும். 1:12-ல் 36 செ.மீ., 1:8-ல் 54 செ.மீ. 1:24-ஐ விட 1:8-ல் நீளம் மூன்று மடங்குதான். ஆனால் அடைக்கும் இடம் 27 மடங்கு! வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஷெல்ஃபை அளந்து பாருங்க.

அப்புறம் ஏன் பெரிசு?

சின்ன மாடலில் காட்ட முடியாத நுணுக்கங்களை இதில் காட்டலாம். ஜப்பானின் டாமியா 1967-லேயே ஹோண்டா ஃபார்முலா ஒன் காரை 1:12-ல் கொண்டு வந்தது. இத்தாலியின் போச்சர் தயாரித்த பழைய 1:8 கிட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் உண்டு. சக்கரக் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கோக்கணும். ஒரே சிக்கல், பெரிய மாடலில் தப்பும் பெரிசாத் தெரியும்.

இந்தியாவில் விலை ஏன் எகிறுது?

சுங்க வரிப் பட்டியலில் ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பில், 9503-ல் வருகின்றன. இதற்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. வரி, பொருளின் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் சேர்த்த மதிப்புக்குப் போடப்படும். பெரிய பெட்டி என்றால் அனுப்பும் செலவும் அதிகம், அதன் மேல் வரியும் அதிகம். நீங்களே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், அன்றைய விகிதத்தைப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

மாசா மாசம் பாகம் வரும் திட்டம் லாபமா?

முதல் பெட்டி சல்லிசா இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. மொத்தப் பெட்டிகள் எத்தனை, ஒன்று என்ன விலை என்று பெருக்கிப் பாருங்க. இன்னொரு ஆபத்தும் இருக்கு. இப்படித் தொடர்களை நடத்திய பிரிட்டனின் ஈகிள்மாஸ் நிறுவனம் 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. பாதி மாடலோடு நின்றவர்கள் பலர். சில தொடர்களை மட்டும் வேறு நிறுவனம் எடுத்து நடத்தியது. கதவு வந்து பானட் வராத காரை யாருக்கு விக்கிறது?

பெயின்ட்டுக்கு மழை பார்க்கணுமா?

கட்டாயம். லாக்கர் பெயின்ட் வேகமாகக் காயும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அங்கே படிந்து, பளபளப்பு போய் பால் பூத்த மாதிரி வெளுக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகஸ்தியர் மலை அடிவாரத்திலுள்ள தேயிலைத் தோட்ட ஊரான போனக்காடு போன்ற இடங்களில், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. அங்கே இருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரி வரை காத்திருப்பது நல்லது. சென்னைக்காரர்கள் நவம்பரில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீங்க. எங்கே அடித்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கோங்க.

அப்போ எப்படி ஆரம்பிக்கலாம்?

முதலில் ஒரு 1:24 கிட். அதை முழுசா முடிச்சிட்டா, ஒரே பெட்டியில் எல்லாப் பாகமும் வரும் 1:12-க்குப் போங்க. கிட், வரி, பெயின்ட், கருவிகள், தூசி படியாமலிருக்கக் கண்ணாடிப் பெட்டி: ஐந்தையும் கூட்டி வருவதுதான் அந்தக் காரின் நிஜ விலை.