துரு தின்ற தொட்டி

நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்வார்கள். பதுளைக்குத் தென்கிழக்கே 2,036 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த மலைத்தொடரின் சரிவுகளில், வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மூடுபனியும் தூறலும் மாறி மாறி ஆட்சி செய்யும். ஐப்பசி முதல் தை வரை காயப்போட்ட துணி காயாது. அடுப்படி விறகும் ஈரம் விட்டு நீங்காது. அந்த ஈரத்தை நம்பித்தான் கொழுந்து தளிர்க்கிறது. கொழுந்தை நம்பித்தான் ஆயிரமாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் தேயிலைக்கு உயிர் கொடுக்கும் அதே ஈரம் இரும்புக்குப் பகையாகவும் இருக்கிறது.

லயத்துக் கூரைத் தகரத்தில் படியும் துருவை நாம் காண்கிறோம். கவ்வாத்துக் கத்தியிலும் கதவுக் கீலிலும் உள்ள துருவையும் காண்கிறோம். எண்ணெய் தடவுகிறோம், தேய்க்கிறோம், மாற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியும் துரு அவ்வளவாகக் கெடுதி செய்யாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும் துருவைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். அது குடியிருக்கும் இடம், இன்று தோட்டப்புறத்து வீடுகள் பலவற்றின் ஓரத்தில் நிற்கும் காற்றுக் கொம்பிரசரின் தொட்டி.

இந்த இயந்திரம் வீட்டுக்கு வந்த கதையும் ஒரு மாற்றத்தின் கதையே. மலையேறிக் கொழுந்து பறிப்பதும், மலையில் மண்வெட்டி பிடிப்பதும் தவிர வேறு வழியில்லை என்றிருந்த நிலை மாறி, இளைஞர் சிலர் சொந்தத் தொழிலை நாடத் தொடங்கினர். தோட்டத்துக் கல்ரோட்டில் ஓடும் முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் டயர் அடிக்கடி பஞ்சராகும். பஞ்சர் ஒட்டவும், காற்றடிக்கவும், வண்டிக்கு வர்ணம் தெளிக்கவும் ஒரு கொம்பிரசர் இருந்தால் போதும். நாட்கூலியை எதிர்பாராமல் ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம். புதியது வாங்கப் பணம் ஏது? பழையதைத்தான் வாங்குகிறார்கள். வைக்கும் இடம் ஏது? லயத்துச் சுவரோடு ஒரு தகரக் கொட்டகை இறக்கி அதிலே வைக்கிறார்கள். சுவருக்கு அப்பால் பிள்ளைகள் உறங்குகின்றன.

என் தங்கையின் கணவர் அப்படி நிமிர்ந்தவர்களில் ஒருவர். சென்ற மார்கழியில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இரவு மழை ஓய்ந்த நேரத்தில், கொட்டகையிலிருந்து மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். தொட்டியின் அடிவயிற்றில் வர்ணம் கொப்புளித்திருந்தது; கொப்புளத்தின் நடுவே ஊசிமுனை அளவு துளை; அதிலிருந்து காற்றோடு செம்மண் நிற நீர்த்துளிகள் தெறித்தன.

“ஒரு சொட்டு வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும், மச்சான். நாளைக்கே பசறைக்குக் கொண்டுபோகிறேன்,” என்றார் அவர்.

அவர் சொன்னதில் அறியாமை இருந்தது என்று நான் நினைக்கவில்லை, தேவை இருந்தது. வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. இயந்திரம் நின்றால் அடுப்பும் நிற்கும். ஆயினும் அந்தத் துளையை அடைக்க வேண்டாம் என்று நான் ஏன் வற்புறுத்தினேன் என்பதை விளக்கினால், இதே நிலையிலுள்ள வேறு சிலருக்கும் பயன்படக் கூடும்.

முதலில், தொட்டிக்குள் நீர் எப்படி வந்தது? யாரும் ஊற்றவில்லை; காற்றே கொண்டுவந்தது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். மூடுபனிக் காலத்து நமுனுகுலக் காற்று பெரும்பாலும் அந்த எல்லையைத் தொட்டே நிற்கும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கம் வரும்வரை கொம்பிரசரை ஓடவிட்டால், ஏறத்தாழ எட்டுக் கன மீற்றர் காற்று ஒரு கன மீற்றருக்குள் திணிக்கப்படுகிறது. எட்டுப் பங்குக் காற்றின் நீராவியும் கூடவே வருகிறது. ஆனால் காற்று ஆறியதும் அந்த ஒரு கன மீற்றர் இடம் 17 கிராமைத்தான் வைத்திருக்கும். எஞ்சிய 120 கிராம் அளவு நீராகி அடியில் தங்குகிறது. ஒவ்வொரு நாளும் இப்படியே. நீரும், நெருக்கப்பட்ட காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுசேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? மேலே பளபளக்கும் வர்ணம் இருக்க, கீழே இரும்புத் தகடு நாளுக்கு நாள் தேய்கிறது.

இரண்டாவது, தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் வலு எவ்வளவு? 14 அங்குல விட்டமுள்ள தொட்டியின் ஒரு பக்க மூடியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 154 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 100 இறாத்தல் தள்ளினால், அந்த மூடியொன்றை மாத்திரம் ஏழு தொன் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது காற்று. 100 இலீற்றர் தொட்டி ஒன்று இந்த அமுக்கத்தில் திடீரெனப் பிளந்தால் வெளிப்படும் சக்தி, ஒரு தொன் எடையை ஒன்பது மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. அது மணிக்கணக்கில் அன்று, கண் இமைக்கும் நேரத்தில் வெளிப்படுகிறது. லயத்துச் சுவர் அதற்கு எம்மாத்திரம்?

மூன்றாவது, ஒட்டுப் போட்டால் ஏன் தீராது? துளை விழுந்த இடம் ஒன்றே நோயுற்ற இடம் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது முதலில் தோற்ற இடம், அவ்வளவே. அதைச் சுற்றியுள்ள தகடும் காகிதம் போல் மெலிந்திருக்கும். தகடு பாதியாகத் தேய்ந்தால் அது தாங்க வேண்டிய இழுவிசை இரு மடங்காகும். மெலிந்த தகட்டில் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் அது மேலும் பலம் இழக்கலாம். தொட்டிக்குள் படிந்திருக்கும் எண்ணெயின் ஆவி தீப்பற்றவும் கூடும். பிசின் பூச்சுகளோ துளையை மறைக்குமேயன்றித் தகட்டுக்குப் பலம் தரமாட்டா. எனவே ஊசித்துளை என்பது ஒருவகையில் நல்வாய்ப்பு. பிளப்பதற்கு முன் தொட்டி எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை அடைத்துவிட்டு அமுக்கத்தை ஏற்றுவது, அலறும் காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்கச் செல்வதை ஒக்கும்.

உலகம் இந்தப் பாடத்தை இரத்தம் சிந்தித்தான் படித்தது. 1905 மார்ச் 20 அன்று, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, புறொக்ரன் நகரத்துக் குறோவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் பழைய கொதிகலன் ஒன்று வெடித்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய மூட்டில் வெளியிலிருந்து காணமுடியாத வெடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டனர். அத்தகைய விபத்துகளின் பின்னரே கொதிகலன்களுக்கும் அமுக்கக் கலங்களுக்கும் விதிகள் பிறந்தன. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முதல் விதித்தொகுப்பு 1915 இல் வெளிவந்தது.

நம் நாட்டிலும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுக் கலங்களையும் கவனத்தில் கொண்டது. தாங்கும் அமுக்கம் கலத்தின்மேல் குறிக்கப்பட வேண்டும். காப்பு வால்வும் அமுக்கமானியும் நீர் வடிக்கும் வழியும் இருக்க வேண்டும். தகுதியுடையோர் காலந்தோறும் சோதிக்க வேண்டும். இவை தொழிற்சாலைக்கான ஒழுங்குகள். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில், தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று அழைப்பார்களே அவற்றில், பெரிய எண்ணெய் இயந்திரங்கள் ஓடிய காலத்தில், அவற்றை முடுக்கிவிட அமுக்கக் காற்றே பயன்பட்டது. என் தந்தையார் அத்தகைய இயந்திர அறையொன்றில் வேலை பார்த்தவர். காலையில் அவர் செய்யும் முதல் வேலை, காற்றுக் கலத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பது. தேநீர் குடிப்பது அதற்குப் பிறகுதான். இன்று அந்தக் கலத்தின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான். ஆனால் அவனைக் கண்காணித்த ஒழுங்கு கூடவே வரவில்லை. சோதனை செய்ய வருவார் யாருமில்லாத வீட்டில், வீட்டுக்காரரே அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

அன்றிரவு நாங்கள் செய்தது இதுதான். மின்சாரத்தைத் துண்டித்தோம். குழாய் வழியே காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றினோம். மானியின் முள் பூச்சியத்தில் படுத்த பிறகே அடித்திருகைத் தொட்டோம். அது இறுகிப் போயிருந்தது, திறக்கப்பட்டே நெடுநாளாகியிருந்தது. திறந்தபோது செந்நிற நீரும், அதன் பின் துருச் செதில்களும் கொட்டின. தங்கை அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கணவரிடம், “சீட்டுக் காசு அடுத்த மாதம் வரும். அதுவரைக்கும் கைப்பம்பால் அடியுங்கள்,” என்றாள். அதற்கு மேல் என் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இத்தகைய கசிவைக் காண்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கசிவு எங்கே என்பதை முதலில் அறிய வேண்டும். அமுக்கத்தை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டு சவர்க்கார நுரையைத் தடவினால், குமிழி காட்டிக்கொடுக்கும். திருகிலோ, குழாய் மூட்டிலோ, வால்விலோ குமிழி எழுந்தால் அந்தப் பாகத்தை மாற்றினால் போதும். தொட்டியின் உடலிலோ, தகட்டின் வெல்டிங் கோட்டிலோ எழுந்தால் தொட்டியின் ஆயுள் முடிந்தது. மோட்டாருக்கும் காற்றை அமுக்கும் பகுதிக்கும் அதனால் குறையில்லை; அவற்றைக் கழற்றி வேறொரு நல்ல தொட்டியின் மேல் பொருத்தலாம். ஏழைக்கு இது பெரிய ஆறுதல்.

பழைய தொட்டி ஒன்றை வாங்குவோர், விவரம் தெரிந்தவரைக் கொண்டு நீரால் சோதிப்பித்து வாங்குவது நன்று. தொட்டியில் காற்றே இல்லாதபடி நீரை நிரப்பி, வேலை அமுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நீர் அமுங்கிச் சுருங்காத பொருள். ஆகையால் அப்போது தொட்டி தோற்றாலும் காற்றைப்போல் சீறி எழாது, வெடித்த இடத்தில் ஒழுகிவிடும். காற்றாலே சோதிப்பது ஆபத்தையே அழைப்பதாகும். காப்பு வால்வை அடைப்பதும் இறுக்கிக் கட்டுவதும் எக்காரணம் கொண்டும் கூடாது.

இரண்டு மாதம் என் மைத்துனர் கைப்பம்போடு போராடினார். வருமானம் குறைந்தது, வர்ண வேலை முற்றாக நின்றது. பின்னர் சோதித்த தொட்டி ஒன்று வந்தது. இம்முறை அது சுவரோரத்தில் வைக்கப்படவில்லை. வீட்டிலிருந்து விலகி, அடித்திருகின் பக்கம் சற்றே தாழ்வாக, கல்மேடை ஒன்றின்மேல் வைக்கப்பட்டது. பழைய தொட்டியைப் பதுளையில் அறுப்பித்தார்கள். அடித்தகட்டின் சில இடங்கள் விரல்நகத்தால் சுரண்டும் அளவுக்கு மெலிந்திருந்தன. வேறொருவர் வாங்கி மீண்டும் காற்றடைத்துவிடக் கூடாதே என்பதற்காகவே அறுப்பித்தோம். பழைய இரும்புக்கு விலை கொஞ்சம் குறைந்தது உண்மை. நம் வீட்டு ஆபத்தை விலைக்கு விற்று இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது முறையன்று.

நீரை வடிக்கும் அந்தச் சிறு திருகைத் திறக்க ஒரு நிமிடம் போதும். நாள்முழுதும் உழைத்துக் களைத்த கைக்கு அந்த ஒரு நிமிடமும் பாரமாகத் தோன்றலாம். ஆயினும் வேலை முடிந்து காற்றை இறக்கியபின், மீதியிருக்கும் சிறிதளவு அமுக்கத்தோடு அதைத் திறந்துவிடுங்கள். வெளிவரும் நீர் தெளிவாக இருந்தால் மகிழுங்கள். செந்நிறமாக இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். மலையில் மூடுபனி இறங்குவதை நம்மால் தடுக்க முடியாது. அது தொட்டிக்குள் தங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.