எலும்புத் தேய்மானமா? சிறுநீரகத்தையும் விசாரியுங்கள்!

சிதம்பரம் கீழவீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். "தம்பி, எலும்புத் தேய்மானத்துக்கு அந்தக் கால்சியம் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா" என்று ஒரு அம்மாவாவது கேட்பார். கையில் சீட்டு இருக்காது. மாத்திரையின் பெயரும் தெரியாது, அட்டையின் நிறம்தான் அடையாளம். "சாப்பிட்டுட்டுப் போடுங்கம்மா" என்று கடைக்காரரும் கிழித்துக் கொடுப்பார். வயதானால் எலும்பில் சுண்ணாம்பு குறையும், சுண்ணாம்பைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது நம் ஊர்க் கணக்கு. அது பாதிக் கணக்குதான்.

மீதியைச் சொன்னவை ஜப்பான் சுண்டெலிகள். மகோட்டோ குரோ-ஓ என்ற ஆய்வாளர் ரத்த அழுத்த ஆராய்ச்சிக்காக எலிகளுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தினார். அது வேறெங்கோ போய் உட்கார்ந்து, அங்கிருந்த இன்னொரு மரபணுவை முடக்கிவிட்டது. அந்த எலிக்குட்டிகள் மூன்று வாரம் வரை மற்றக் குட்டிகளைப் போலவே ஓடியாடின. பிறகு வளர்ச்சி நின்றது. முதுகு கூனியது, தோல் மெலிந்தது, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்தது, எலும்பு நொய்ந்துபோனது. சாதாரணமாக இரண்டு வருடம் வாழக்கூடிய பிராணி இரண்டே மாதத்தில் கிழடாகிச் செத்தது. முடங்கிய மரபணு தயாரிக்க வேண்டிய புரதத்துக்கு 'க்ளோத்தோ' என்று பெயரிட்டு 1997-ல் ஆய்வை வெளியிட்டார்கள். 2005-ல் அதே புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க வைத்தபோது, எலிகளின் ஆயுள் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் நீண்டது.

நம் எலும்பில் கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கரைக்கும் வேகம் கூடிவிடுவதால் எலும்பு மெலிகிறது. க்ளோத்தோ இல்லாத எலிகளில் நடந்தது வேறு. மஜ்ஜையிலிருந்து உருவாக வேண்டிய இரண்டு வகைச் செல்களுமே சரியாக முதிரவில்லை. இடிப்பதற்கும் ஆளில்லை, கட்டுவதற்கும் ஆளில்லை; பராமரிப்பே படுத்துவிட்டது. முதுமை எலும்பின் மந்தமும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதில் வேடிக்கை, இந்தப் புரதம் முக்கியமாக ஊறுவது எலும்பில் அல்ல, சிறுநீரகத்தில். ரத்தத்தில் பாஸ்பரஸ் மிஞ்சினால் எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகத்தில் அதை வாங்கிக்கொள்ள க்ளோத்தோ வேண்டும். வாங்கியதும் மிச்சப் பாஸ்பரஸ் சிறுநீரில் போகும், வைட்டமின் டி-யின் வீரியமும் மட்டுப்படும். க்ளோத்தோ இல்லையென்றால் ஹார்மோன் வந்தும் பயனில்லை. அந்த எலிகளுக்கு வைட்டமின் டி குறைவு என்றுதானே நினைப்போம்? உண்மையில் அளவுக்கு மீறி இருந்தது. தீவனத்தில் பாஸ்பரஸையோ வைட்டமின் டி-யையோ குறைத்ததும் பல கோளாறுகள் தணிந்தன.

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு க்ளோத்தோ ஆரம்பத்திலேயே இறங்கத் தொடங்குகிறது. பிறகு எலும்பு பலவீனமாகிறது, ரத்தக்குழாயோ கல்லாகிறது. அவர்கள் தாமாகவே கால்சியம் அட்டை வாங்கி விழுங்கினால், அது எலும்புக்குப் போகாமல் குழாய்ச் சுவரில் படியக்கூடும். சிறுநீரகம் கெடும் வாய்ப்புள்ள சர்க்கரை, பிரஷர்க்காரர்கள் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினும் பாஸ்பரஸும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டபிறகு அந்த அட்டையைத் தொடுவது நல்லது.

க்ளோத்தோவையே ஊசியாகப் போட்டுக்கொண்டால்? மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. எலும்புச் செல்லுக்குள் இருக்கும் க்ளோத்தோவை மட்டும் நீக்கிய எலிகளில் எலும்பு கூடுதலாகவே வளர்ந்தது என்ற முடிவும் உண்டு. அதே புரதம் இடத்துக்கு இடம் குணம் மாறுகிறது. ஆகவே இளமை ஊசி என்று யாராவது விற்க வந்தால் அவசரப்பட வேண்டாம். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2024-ல் முதுமை பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இளமையை விற்கும் கம்பெனிகளை அதில் அவர் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பாஸ்பரஸ் என்றதும் பருப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பருப்பு, தானியங்களில் இருப்பதை உடல் ஓரளவே உறிஞ்சும். பாக்கெட் உணவிலும் கோலாவிலும் சேர்க்கும் பாஸ்பேட் சேர்மானங்களோ பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் ஏறிவிடும். கடலூர் துறைமுகத்தில் அன்றன்றைக்கு இறங்கும் மீனில் இந்தச் சேர்மானம் கிடையாது. ஈரம் வற்றாமலிருக்கப் பதப்படுத்திய பாக்கெட் இறாலில் இருக்கலாம். டயாலிசிஸ் போகிறவர் வீட்டில் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: 338 முதல் 341 வரை, 450, 451, 452. இந்த எண்களில் எது இருந்தாலும் அது பாஸ்பேட்.