நிறமும் பரம்பரையலகும்

நமுனுகுலை மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளியிலே, காலை வேளையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரைகளில் நிற்குங்கால், அவர்தம் முகங்களை உற்று நோக்குவார் கருமை, மாநிறம், கோதுமை நிறம் எனப் பல சாயல்களை ஒருங்கே காண்பர். இவர்களிற் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டுத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய பகுதிகளினின்றும் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக வந்தோரின் வழியினர். வேறுபாடு குடும்பத்துக்குக் குடும்பம் மட்டும் அன்று. ஒரு தாய் வயிற்றிலே பிறந்த மூத்தவள் கறுத்தும் இளையவள் வெளுத்தும் இருத்தல் நாம் யாவரும் கண்டதே. பெண் பார்க்க வந்தோர் மூத்தவளை விடுத்து இளையவளைக் கேட்டுச் செல்லும் நாளில் அவ்வீட்டில் நிலவும் மௌனத்தையும் நாம் அறிவோம். அம்மௌனத்துக்குக் காரணமான வேறுபாடு எங்கிருந்து வந்தது?

தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். இதனை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை கறுத்தவரிடத்தும் வெளுத்தவரிடத்தும் பெரும்பாலும் ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் மெலனினின் அளவும் வகையும், அஃது பொதிந்துள்ள மணிகளின் பருமனுமே வேறுபடுவன. ஞாயிற்றின் ஊதா கடந்த கதிர்கள் உடலிலுள்ள போலேற்று என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கவல்லன. அதே கதிர்களே தோலில் விற்றமின் டீ உண்டாதற்கும் வேண்டப்படுவன. வெயில் மிக்க நாடுகளிற் கருமையும், வெயில் குன்றிய வடபுலங்களில் வெண்மையும் இயற்கைத் தேர்வினால் நிலைபெற்றமைக்கு இவ்விரு தேவைகளையே அறிஞர் காரணமாகக் காட்டுவர்.

இனிப் பரம்பரையலகுக்கு வருவோம். இவ்வாராய்ச்சியில் ஒரு திருப்பத்தைத் தந்தது ஒரு சிறு மீன் என்றால் வியப்பாக இருக்கும். உடற்கோடுகள் வெளிறிய ஒருவகை வரிமீனை ஆராய்ந்த பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார், அவ்வெளிறலுக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டு, அதனையொத்த அலகு மனிதரிடத்தும் உண்டென 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எஸ்.எல்.சி.24ஏ5 என்பது அதன் பெயர். அவ்வலகு ஆக்கும் புரதத்தில் 111ஆம் இடத்தில் அலனீன் என்னும் அமினோவமிலம் நிற்பது பழைய வடிவம். அவ்விடத்தில் திரியோனீன் நிற்பது பின்னர் தோன்றிய விகாரம். அது தோலை வெளிறச் செய்வது. ஐரோப்பியரிடம் ஏறக்குறைய முற்றாக நிலைபெற்றது இப்புதிய வடிவமே.

ஆனால் அஃது ஐரோப்பியருக்கே உரியதன்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியர் 1228 பேரின் தோல்நிறம் கருவிகொண்டு அளக்கப்பட்டது. அவர்களிடையே காணப்பட்ட நிறவேறுபாட்டில் ஏறத்தாழ 27 சதவீதத்தை இவ்வோர் எழுத்து மாற்றமே விளக்குவதாயிற்று. இந்தியத் துணைக்கண்டத்தின் 54 சமூகத்தவரை நோக்கியபோது, புதிய வடிவம் பரவலாக இருப்பினும் அதன் அளவு சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் மாறுவது தெரிந்தது. ஐரோப்பியரிடமும் நம்மிடமும் உள்ள அவ்வடிவம் தனித்தனியே தோன்றியதன்று. 22,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரே மூலத்தினின்றும் கிளைத்தது. வட இந்தியாவில் அதனை இயற்கைத் தேர்வு ஊக்கியமைக்குச் சான்றுண்டு. தென்னிந்தியாவில் அச்சான்று கிட்டவில்லை. இலங்கையிலே சிங்களவரும் தமிழருமாகிய இரு சாராரிடத்தும் பழைய வடிவமும் புதிய வடிவமும் கலந்தே காணப்படுகின்றன.

கீழ்த்திசை ஆசியரின் வெளிறலுக்கு இவ்வலகு காரணமன்று. அவர் வேறு அலகுகளின் வழியே, வேறு விகாரங்களால், அந்நிறத்தை அடைந்தனர். ஆபிரிக்காவைக் குறித்து 2017இல் வெளிவந்த ஆய்வோ நம்மவர்க்கு இன்னும் சுவையானது. ஆபிரிக்கர் யாவரும் ஒரே கருமையர் என்னும் எண்ணம் தவறாயிற்று. வெளிற்றும் எதிருருக்களும் கறுப்பிக்கும் எதிருருக்களும் அங்கேயே நெடுங்காலமாக உள்ளன. அவற்றுட் கறுப்பிக்கும் சில எதிருருக்கள் தென்னாசியரிடத்தும் மெலனீசியரிடத்தும் அதே மூலத்தினவாய்க் காணப்படுகின்றன. ஆகவே ஒரே மனிதரின் தோலில் ஐரோப்பியரோடு பகிர்ந்த எழுத்தொன்றும் மெலனீசியரோடு பகிர்ந்த எழுத்தொன்றும் அருகருகே இருத்தல் கூடும். நிறத்தைக் கொண்டு மனிதகுலத்தைப் பிரித்த பழைய நூலாசிரியர்கள் இதனை எவ்வாறு அட்டவணைப்படுத்துவரோ!

மூத்தவளையும் இளையவளையும் மீண்டும் நோக்குவோம். ஒவ்வோர் அலகும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரட்டையாய் வருவது. பெற்றோர் இருவரும் பழையதொன்றும் புதியதொன்றும் உடையராயின், பிள்ளையொன்றுக்கு இரண்டும் பழையனவாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் புதியனவாக அமைவதும் நான்கில் ஒன்று. கலந்து அமைவது நான்கில் இரண்டு. இது ஓர் அலகின் கணக்கு மாத்திரமே. நிறத்தோடு தொடர்புடைய அலகுகள் பல. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுகள் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன.

வெயிலின் பங்கு வேறு. நாள் முழுதும் மலையில் நிற்பவளின் முகமும் முன்கையும் கறுக்கும். உயரம் ஏற ஏற ஊதா கடந்த கதிரும் மிகும். அக்கருமை அவளோடு நிற்பது, பிள்ளைக்குச் செல்லாது. ஆய்வாளர் நிறத்தை அளக்கும்போது வெயில்படாத மேற்கையின் உட்புறத்தைத் தெரிவதும் இதனாலேயே. கருவுற்றவள் வெயிலில் வேலை செய்தமையால் பிள்ளை கறுத்தது என்று அவளைக் கடியும் மாமியாரும், குங்குமப்பூவைப் பாலிற் கலந்து பருகின் பிள்ளை வெளுக்கும் என்று வாங்கிக் கொடுக்கும் தாயாரும் இன்றும் உளர். கருவுற்ற கணத்திலேயே அவ்வெழுத்துகள் எழுதப்பட்டுவிட்டன. குங்குமப்பூ அவற்றுள் ஒன்றையும் அழித்தெழுதாது.