இசை மாணவரும் வாழ்க்கைத் தொழிலும்

இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் வினா ஒன்று உண்டு. “இதனைக் கற்று முடித்தபின் எவ்வாறு பிழைப்பது?” என்பதே அது. கலையைப் பிழைப்போடு சேர்த்துப் பேசுவதே இழுக்கு என எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வயிறு வாடினால் ஞானமும் வாடும். ஆதலின், இசைக் கல்வி மாணவனுக்குத் தொழிலுக்குரிய ஆயத்தத்தையும் அளித்தல் வேண்டும். அவ்வாயத்தம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்தில் மாணவன் குருவின் இல்லத்தில் தங்கி, பணிவிடை செய்து, கேள்வி ஞானத்தால் கலையைப் பெற்றான். கலைஞர்களை அரசவைகள் ஆதரித்தன. அவ்வாதரவு குறையத் தொடங்கிய காலத்தில் 1901-ஆம் ஆண்டு விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவினார். பொதுமக்களின் ஆதரவைக் கொண்டே ஓர் இசைப் பள்ளியை நடத்த இயலும் என அவர் காட்டினார். அவருடைய மாணவருள் ஓம்கார்நாத் தாகூர், விநாயக்ராவ் பட்வர்தன் போன்றோர் மேடையில் புகழ் பெற்றதோடு ஆசிரியப் பணியிலும் சிறந்தனர். 1926-இல் லக்னோவில் பாத்கண்டேயின் முயற்சியால் தோன்றிய இசைக் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இவ்வாறு, இசையாசிரியர் என்னும் மதிப்புள்ள தொழில் நாட்டில் நிலைபெற்றது.

இசை மேடையைவிட்டு இயந்திரத்துள் புகுந்ததும் வேறொரு தேர்ச்சி தேவைப்பட்டது. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடினார். மணிக்கணக்கில் விரித்துப் பாடப்படும் இராகத்தை ஏறத்தாழ 3 நிமிடங்களுள் அடக்கியாக வேண்டும். அவரும் அவரைப் பின்பற்றியோரும் அந்தச் சுருக்கத்தையும் ஒரு கலையாகவே ஆக்கிக்கொண்டனர். பின்னர் வானொலி வந்தது. 1950-களில் அகில இந்திய வானொலி, கலைஞர்களைத் தேர்வுக்குழு கேட்டறிந்து தரம் பிரிக்கும் முறையை நாடெங்கும் வகுத்தது. குறித்த நொடியில் தொடங்கிக் குறித்த நொடியில் முடித்தல், ஒலிவாங்கிக்கு ஏற்பக் குரலை அடக்கியும் உயர்த்தியும் ஆளுதல், எதிரே அவையோர் இல்லாதபோதும் உயிரோட்டம் குன்றாது பாடுதல் ஆகியன வகுப்பறையிலேயே பழக்கப்பட வேண்டியவை. ஒலிப்பதிவு செய்து, தன் பாட்டைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் பழக்கம் மாணவனுக்கு இரண்டாவது ஆசானாகும்.

அன்றியும், இசை கற்றோர் அனைவரும் மேடையேறிப் புகழ்பெற இயலாது. இவ்வுண்மையை மாணவரிடம் மறைப்பது அன்பன்று. இசைத்துறை பல கிளைகள் கொண்ட மரம். 1960-இல் புனேயில் தோன்றிய திரைப்படப் பயிற்சி நிலையமும், 1995-இல் கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் அமைந்த நிலையமும் ஒலிப்பதிவுக் கலையைக் கற்பிக்கின்றன. சுருதி பேதத்தை உடனே உணரும் செவி ஒலிப்பதிவாளருக்குப் பெருஞ்செல்வம். மராட்டிய மாநிலத்தின் மிரஜ் நகரில் சுரைக் குடுக்கைகளைக் கொண்டு சிதாரும் தம்பூராவும் செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அந்நகரத்து வாத்தியங்கள் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றன. வாத்தியம் செய்தலும் பழுது பார்த்தலும் கீழான வேலைகள் அல்ல. இசையறிவு இல்லாதவரால் அவற்றைச் செவ்வனே செய்ய இயலாது.

இவை யாவற்றினும் இன்றியமையாததாயினும் பெரிதும் புறக்கணிக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. அது உரிமை பற்றிய பாடம். 2010-ஆம் ஆண்டளவில், நமக்கு அறிமுகமான ஓர் இளம் பாடகர் தாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை எடுத்துவந்து, அதன் ஆங்கிலத்தைத் தமிழில் விளக்குமாறு வேண்டினார். தாமே மெட்டமைத்த பாடல்களை ஒருமுறை வெளியிடுவதற்கு மட்டும் இசைவு தந்ததாக அவர் எண்ணியிருந்தார். ஒப்பந்தத்தில் கண்டதோ, உலகெங்கும், உரிமைக் காலம் முழுமைக்கும், உரிமை அனைத்தையும் மாற்றித் தந்தமையே. உரிமம் வழங்குதல் வேறு. உரிமையை மாற்றித் தருதல் வேறு. முன்னது வீட்டை வாடகைக்கு விடுவது, பின்னது விற்றுவிடுவது. வாடகைக்கு விட்டதாக எண்ணியவர் வீட்டையே விற்றிருந்தார். நாம் வாசித்து முடித்தபின் அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் சில விதிகளையேனும் மாணவர் அறிந்திருத்தல் நலம். உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. கால அளவு குறிக்கப்படாவிடின் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். இசையமைப்பாளரின் உரிமை, அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிலைத்திருக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு பாதுகாப்பையும் அளித்தது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டப்படுவது நீங்கலாக, பாடல் பிற வழிகளில் பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உரியது. அப்பங்கைத் தம் வாரிசுகளுக்கோ, அத்தொகையைத் திரட்டி வழங்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, வேறெவருக்கும் அவர்கள் விட்டுக்கொடுக்க இயலாது. தம் பாட்டு வணிகமுறையில் பயன்படும்போது தொகை பெறும் உரிமை பாடகருக்கும் உண்டு.

சட்டம் இருந்தும், அதனை அறியாதவனுக்கு அது பூட்டிய பெட்டியே. இசைக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவரிடம் ஓர் உண்மையான ஒப்பந்தத்தின் படியைத் தந்து, வரிக்கு வரி பொருள் சொல்லச் செய்யலாம். அவரவர் தாய்மொழியிலேயே அதனைச் செய்யலாம். வரவு செலவுக் கணக்கு எழுதவும் பழக்கலாம். இதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். சாதகத்துக்கு ஒரு குறையும் நேராது.

பிள்ளைக்குத் தாளம் தவறாதிருக்கக் கற்பிக்கிறோம். கையொப்பமிடும் இடத்தில் தவறாதிருக்கவும் கற்பித்துவிட்டால், பெற்றோரின் வினாவுக்கு நாம் தயக்கமின்றி விடை கூறலாம்.