சர்க்கரை சூட்டும் நொதியின் அந்தரங்கம்

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். நாம் எட்டிப் பார்க்கப் போவது ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் உடம்புக்குள். மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் என்பதால் கொஞ்சம் குனிந்துதான் வர வேண்டும். ஆய்வுக்கூடங்களில் மாங்கு மாங்கென்று உழைக்கும் இந்த ஜீவனுக்கு ஒரு வேலை மட்டும் பிறவியிலேயே வராது. தான் செய்த புரதத்தில் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து, அதில் சர்க்கரைத் தொடரை மாட்டுவதுதான் அது. நம் செல்கள் அதை நொடிக்கு நொடி செய்கின்றன. இதற்கு வராது. ஆனால் இதோ, இந்த ஈ.கோலை மாட்டிக்கொண்டிருக்கிறது! கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? கோழிக்குடலில் குடியிருக்கும் ஒரு கிருமி.

புரதத்துக்குச் சர்க்கரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் மருந்தில் இப்படிச் சர்க்கரை தொங்கும் இடங்கள் மூன்று. அவற்றை ஐந்தாக்கி டார்பெபோய்ட்டின் என்ற மருந்தைச் செய்தார்கள். அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் அது தங்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கூடுதலாக இரண்டு சர்க்கரைத் தொடர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நோயாளிக்கு ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது.

இனி கோழிக்குடல். கேம்பைலோபேக்டர் ஜெஜூனி கோழிக்குள் சாதுவாக இருக்கும். சரியாக வேகாத கோழிக்கறி வழியாக மனிதனுக்குள் வந்தால் வயிற்றைக் கலக்கிவிடும். இதை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்டின் சிமான்ஸ்கி, பேட்ரிசியா கெரி முதலானோர், இந்தக் கிருமி தன் புரதங்கள் பலவற்றில் சர்க்கரை மாட்டுகிறது என்பதற்கான தடயங்களை 1999இல் வெளியிட்டார்கள். பாக்டீரியாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் சூரிக்கின் மார்கஸ் ஏபி குழுவினரும் பிரிட்டிஷ் கூட்டாளிகளும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்தக் கிருமியின் சர்க்கரை மாட்டும் மரபணுத் தொகுப்பை அப்படியே வெட்டி எடுத்து ஈ.கோலைக்குள் வைத்தார்கள். வேலை செய்தது! எனக்கு இன்னும் நம்ப முடியாத இடம் இதுதான். ஓர் உயிர் காலங்காலமாகக் கற்ற வித்தை வேறோர் உயிருக்குள் முதல் குடித்தனத்திலேயே ஓடுகிறது.

இப்போது மேடையின் பின்பக்கம். ஏழு சர்க்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, செல்லின் உட்புறத்தில், ஒரு கொழுப்பு மூலக்கூறின் மேல் கோக்கப்படுகின்றன. கோத்து முடிந்ததும் ஒரு புரதம் அந்தத் தொடரைச் சவ்வின் மறுபக்கத்துக்குப் புரட்டிவிடுகிறது. அங்கே காத்திருக்கிறது நம் கதாநாயகி, பிஜிஎல்-பி. கட்டி வைத்த சரத்தைக் கூந்தலில் சூட்டுவது போல, ஏழு சர்க்கரையையும் ஒரே வீச்சில் புரதத்துக்கு மாற்றிவிடுகிறது இந்த நொதி. ஈஸ்ட்டில் இதே வேலைக்கு எட்டுப் புரதங்கள் சேர்ந்து நிற்க வேண்டும். இங்கே ஒற்றை ஆள். அதனால்தான் பொறியாளர்கள் இதன் மேல் மையல் கொண்டார்கள். ஒன்றை மாற்றினால் போதுமே!

ஆனால் மகா அடம். அஸ்பாரஜின் இருக்க வேண்டும், அதற்கு அடுத்ததற்கு அடுத்த இடத்தில் செரின் அல்லது திரியோனின் இருக்க வேண்டும் என்பது மனிதச் செல்லுக்கும் பொதுவான விதி. பிஜிஎல்-பி அதோடு விடாது. அஸ்பாரஜினுக்கு இரண்டு இடம் முன்னால் எதிர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலம் ஒன்றும் வேண்டும் என்று கேட்கும். இல்லாவிட்டால் சீண்டாது. மனிதப் புரதங்களில் பெரும்பாலான இடங்கள் இந்தக் கூடுதல் நிபந்தனையில் அடிபட்டுப் போகும்.

2011இல் காஸ்பர் லோகர் குழு, கேம்பைலோபேக்டர் லாரி என்ற உறவுக்காரக் கிருமியின் பிஜிஎல்-பி படிக அமைப்பை வெளியிட்டபோது குட்டு வெளிப்பட்டது. நொதியின் பள்ளத்தில் நேர்மின்னேற்றமுள்ள அர்ஜினின் ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர்மின்னேற்றம் வந்தால் கைகுலுக்கும். ஜெஜூனியின் நொதியில் அது 328ஆம் இடம். எழுநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் அடத்தின் ஆணிவேர் இந்த ஒன்று!

சரி, அந்த அர்ஜினினையும் அக்கம்பக்கத்தையும் தாறுமாறாக மாற்றிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் மாற்று நொதிகள் பிறக்கும். பெரும்பாலானவை உதவாக்கரை. நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேத்யூ டெலிசாவின் குழு இதற்குச் செய்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த காட்சி. ஈ.கோலை வெளியே துப்பும் புரதம் ஒன்று உண்டு, பெயர் யெப்எஃப். அதன் வாலில் சோதனை முகவரியை ஒட்டினார்கள். அதாவது பழைய நொதி ஏறிட்டும் பார்க்காத ஓர் அமினோ அமில வரிசையை. ஒவ்வொரு பாக்டீரியாக் குடியிருப்புக்கும் வேறு வேறு மாற்று நொதி. குடியிருப்புகள் ஒரு வடிதாளின் மேல் வளரும். துப்பிய புரதம் கீழே இறங்கி இன்னொரு தாளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தத் தாளை சோயா மொச்சையிலிருந்து எடுத்த லெக்டின் என்ற புரதத்தில் நனைப்பார்கள். ஆமாம், சோயாவேதான்! அந்தப் புரதத்துக்கு இந்த ஏழு சர்க்கரைத் தொடரின் ருசி தெரியும், கண்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். சர்க்கரை ஏறிய இடத்தில் புள்ளி தெரியும், ஏறாத இடம் வெறுமை. தாளைப் பார்த்தாலே வென்றவர் யார் என்று தெரிந்துவிடும். இந்த முறைக்கு கிளைக்கோஸ்நாப் என்று பெயர். அடத்தைக் கைவிட்ட நொதிகள் பல இதில் சிக்கின. 2014இல் வெளியான அந்த ஆய்வில், உயர்நிலை உயிரின் புரதம் ஒன்றின் இயல்பான இடத்திலேயே அவை சர்க்கரையை மாட்டிக் காட்டின.

இது நொதியின் இடது கைப் பிடிவாதம் என்றால், வலது கைப் பிடிவாதம் சர்க்கரையில். எதை மாட்டுவது? 2005இல் ஏபியின் ஆய்வுக்கூடத்தில் மாரியோ ஃபெல்ட்மன் குழு, மற்றக் கிருமிகளின் நீண்ட மேலுறைச் சர்க்கரைகளையும் இந்த நொதி மாட்டும் என்று காட்டியது. அவ்வளவுதான், தடுப்பூசிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். கிருமியின் சர்க்கரையைத் தனியாகக் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் கண்டுகொள்ளும். வழக்கமான முறையில் ஆபத்தான கிருமியை வளர்த்து, சர்க்கரையைப் பிரித்து, சுத்தம் செய்து, புரதத்தோடு வேதிமுறையில் இணைக்க வேண்டும். இங்கே எல்லாமே ஒரே ஈ.கோலைக்குள் முடிந்துவிடும். சூரிக்கில் கிளைக்கோவாக்சின் என்ற நிறுவனம் பிறந்தது. 2015இல் ஜிஎஸ்கே அதை வாங்கியது.

ஆனால் தொடரின் முதல் சர்க்கரையில் அசிட்டமைடு தொகுதி இல்லாவிட்டால் அம்மணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். சால்மோனெல்லாவின் ஒரு மேலுறைச் சர்க்கரைக்கு அந்தத் தொகுதி கிடையாது. அதற்காக 2015இல் வந்த திருத்தத்தைப் பாருங்கள். 311ஆம் இடத்து அஸ்பாரஜினை வேலினாக்கினார்கள். வேகம் ஐந்திலிருந்து பதினோரு மடங்கு வரை கூடியது. மேலும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தபின் சால்மோனெல்லாச் சர்க்கரை ஏறிய புரதத்தின் விளைச்சல் 16 மடங்கு! மூன்றே அமினோ அமிலங்கள். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது.

குதூகலத்துக்கு நடுவே ஒரு கசப்பும் உண்டு. ஈ.கோலையின் மோசமான ரகங்கள் ரத்தத்தில் புகுவதைத் தடுக்க இதே வழியில் செய்த ஒன்பது வகைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை, ஜான்சன் அண்ட் ஜான்சனும் சனோஃபியும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டன. போதிய பாதுகாப்புத் தெரியவில்லை. நொதி தன் வேலையைச் செய்தது, நோய் அசரவில்லை என்பதுதான் என் கணிப்பு.

கடைசியாக ஒரு காட்சி, இதைப் பார்க்காமல் போகாதீர்கள். டெலிசாவும், நார்த்வெஸ்டர்னில் இருந்த மைக்கேல் ஜூவெட்டும் ஈ.கோலையை உடைத்து, உள்ளிருந்த சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரையும் நொதியும் அந்தச் சாற்றிலேயே இருக்கும். உறையவைத்து உலர்த்தினால் பொடி. தேவைப்படும்போது தண்ணீரும், எந்தப் புரதம் வேண்டும் என்று சொல்லும் டிஎன்ஏவும் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் தடுப்பூசிப் புரதம் தயார். செல்லே கிடையாது! 2021இல் வெளியான ஆய்வில், துலரேமியா நோய்க்கிருமிக்கு எதிராக இப்படிச் செய்த மருந்து எலிகளைக் காப்பாற்றியது.